இங்கே யார் சார் இன்சார்ஜ்?

(நமது அந்தமான் நிருபர்)

ரயிலே ஓடாத ஊரில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார்கள். தண்டவாளம் இல்லை. பிளாட்பாரம் இல்லை. "கூ" என்று சத்தம் கேட்டால் அது கப்பல். "கிர்" என்று சத்தம் கேட்டால் அது சாத்தம் மரமில். ஆனாலும் ரயில் டிக்கெட் உண்டு. மூன்று நாள் கப்பலில் ஆடிக்கொண்டு போய்ச் சென்னையில் இறங்குகிறவன் அங்கிருந்து சொந்த ஊருக்கு நீந்தியா போவான்? அவனுக்குச் சீட்டுக் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. படிப்புக்கு இதுவே பெரிது என்று என் தகப்பனார் சொல்வார்.

கவுண்டரில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி ரயிலைப் பற்றியது அல்ல. "இங்கே யார் சார் இன்சார்ஜ்?" என்பதுதான். சில்லறை இல்லை என்று சொன்னாலும் இந்தக் கேள்வி. லிங்க் இல்லை என்று சொன்னாலும் இந்தக் கேள்வி. வெயிட்டிங் லிஸ்ட் 212 என்று சொன்னால் கேள்வியே வராது. கை மட்டும் கண்ணாடியைத் தட்டும்.

போன மழைக்காலத்தில் பதினொரு நாள் அந்தக் கேள்விக்கு நானே பதிலாக இருந்தேன். தலைமைக் குமாஸ்தா மகள் கல்யாணத்துக்காக லீவில் போனார். போகும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாற்காலி மூன்று, மின்விசிறி ஒன்று, அது சுற்றாது என்ற குறிப்பு ஒன்று, இவற்றை எல்லாம் நான் "சார்ஜ்" எடுத்துக்கொண்டதாக அர்த்தம். கப்பல் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது, அலுவலக ரப்பர் ஸ்டாம்பை அவர் மேஜையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போய்விட்டார் என்று. வெறும் ரப்பர் ஸ்டாம்பாக இருக்கும் தலைவர்களை நாடு பார்த்திருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பு இல்லாத தலைவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அந்தப் பதினொரு நாளில் வேலை குறைவு, யோசனை அதிகம். "இன்சார்ஜ்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அகராதியைப் புரட்டியதில் கிடைத்தவற்றை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

மூட்டை தூக்குகிறவர்

"சார்ஜ்" என்றால் பழைய பிரெஞ்சில் வண்டியில் பாரம் ஏற்றுவது. நம் கவுண்டருக்கு மேலே இந்தியில் "பிரபாரி" என்று எழுதியிருக்கிறதே, அதற்குள்ளும் "பாரம்" இருக்கிறது. தமிழில் "பொறுப்பு". அதில் இருப்பது "பொறு". சுமப்பதும் பொறுப்பது, சகிப்பதும் பொறுப்பது. ஆக மூன்று மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இன்சார்ஜ் என்பவர் மூட்டை தூக்குகிறவர்.

தமிழ்நாட்டு அரசாங்கக் காகிதங்களில் பதவிப் பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறிக்குள் "பொறுப்பு" என்று போடுவார்கள். இடமில்லாவிட்டால் "பொ" என்று மட்டும். ஆணையர் (பொ), தாசில்தார் (பொ), தலைமை ஆசிரியர் (பொ). பொறுப்பை அடைப்புக்குறிக்குள் பூட்டிவைத்த பெருமை நமக்குத்தான். சில இடங்களில் அந்த "பொ"வுக்குப் "பொறு" என்றே பொருள். ஆர்டர் வரும்வரை பொறு, ஆள் வரும்வரை பொறு, சாவி வரும்வரை பொறு.

ரயில்வேயிலும் இந்தப் பெயர்க் கூத்து உண்டு. ரயிலுக்கு இன்சார்ஜ் யார்? என்ஜினில் உட்கார்ந்து ஊதுகிறவர் என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்கும் கார்டுதான். அவர் கொடி காட்டாமல் வண்டி நகராது. தலைவர் வாலில் இருக்கும் ஒரே ஸ்தாபனம் எங்களுடையது. "கார்டு என்றால் வாட்ச்மேன் என்று நினைக்கிறார்கள், பெண் கொடுக்க யோசிக்கிறார்கள்" என்று அவர்களுக்கு வெகுநாள் மனக்குறை. 2022 ஜனவரியில் அந்தப் பதவிக்கு "டிரெயின் மேனேஜர்" என்று பெயர் மாற்றினார்கள். பெட்டி மட்டும் மாறவில்லை. இன்னும் கடைசிப் பெட்டிதான்.

மேனேஜர் என்ற சொல்லும் கையிலிருந்து வந்தது. லத்தீனில் "மானுஸ்" என்றால் கை. முதலில் குதிரையைக் கையால் பழக்குகிறவனுக்குச் சொன்னார்கள். இப்போது மனிதர்களைப் பழக்குகிறவருக்குச் சொல்கிறார்கள். நம் பஸ் கண்டக்டரைத் தமிழில் "நடத்துநர்" என்று எழுதி வைத்திருக்கிறோம். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டால் நம்மை நடத்தியே கூட்டிப்போவார் என்ற தீர்க்கதரிசனம்.

தீவு முழுக்கத் துரைமார்

தலைமை என்ற விஷயத்தைப் பற்றி எழுத அந்தமானை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கே தலைவர்களுக்குச் சிலை வைப்பதில்லை, தீவையே வைத்துவிடுவார்கள். 1789இல் இங்கே குடியேற்றம் போட வந்த கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்டு பிளேர். அவர் லெப்டினென்ட். ஊர் போர்ட்பிளேர் ஆனது. 1857 கலகத்தை அடக்கிய துரைமார்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தீவு: ஹேவ்லாக், நீல், அவுட்ராம், நிக்கல்சன், லாரன்ஸ். கலகம் செய்தவர்களைக் கைதிகளாகக் கொண்டுவந்து இறக்கிய இடத்தில், அடக்கியவர்களின் பெயர்.

இவர்களில் நீல் துரை நமக்குப் பழைய ஆள். சென்னை மவுண்ட் ரோட்டில் அவர் சிலையாக நின்றார். 1927இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது. தொண்டர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜி மந்திரிசபை அதை எடுத்து மியூசியத்துக்குள் அனுப்பியது. சென்னையில் வேலை போன நீல் துரை அந்தமானில் மட்டும் தீவாகச் சர்வீஸில் நீடித்தார். 2018 டிசம்பர் 30ஆம் தேதிதான் ரிடையர் ஆனார். அன்று நீல் தீவு ஷகீத் தீவாகவும், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜியின் பெயரிலும் மாறின. 2024 செப்டம்பரில் போர்ட்பிளேரே ஸ்ரீவிஜயபுரம் ஆகிவிட்டது. 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்துப் போய் அடித்த ராஜ்யத்தின் பெயர் ஸ்ரீவிஜயம். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் நிக்கோபார் "மாநக்கவாரம்" என்று இருக்கிறது. ஜெயித்தவர் ஊர்க்காரர்களாகிய நாம் தோற்றவர் பெயர் கொண்ட ஊரில் டீ குடிக்கிறோம். அபர்தீன் பஜாரில் டீயின் விலை மட்டும் எந்த ராஜ்யத்துக்கும் கட்டுப்படவில்லை.

இங்கே ஆளுகிறவருக்கு முதலில் "சூப்பரின்டென்டென்ட்" என்று பெயர். 1872இல் அது "சீஃப் கமிஷனர்" ஆனது. 1982 முதல் "லெப்டினென்ட் கவர்னர்". இதில் "கவர்னர்" என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சுக்கான் பிடிக்கிறவன் என்று அர்த்தம். "லெப்டினென்ட்" என்றால் ஒருவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தத் துண்டுதான் சரியான லெப்டினென்ட். 2017இல் இந்தப் பதவிக்குக் கடற்படைத் தளபதியாக இருந்த ஓர் அட்மிரலையே நியமித்தார்கள். நூற்றாண்டுகள் கழித்துக் "கவர்னர்" என்ற வார்த்தை தன் சொந்தக் கப்பலில் ஏறிக்கொண்டது.

கைதிகள் காலத்தில் தலைமைக்கு ஒரு பெரிய ஏணியே இருந்தது. நன்னடத்தையுள்ள கைதியை வார்டர் ஆக்குவார்கள். பிறகு பெட்டி ஆபீசர், டிண்டல், ஜமாதார். கைதிக்குக் கைதியே காவல். ஆங்கிலத்தில் "டிண்டல்" என்று எழுதப்படுவது வேறொன்றுமில்லை, நம் கடற்கரையில் படகின் தலைவனுக்குச் சொல்லும் "தண்டல்"தான். தெலுங்கு மீனவர்கள் "தண்டேல்" என்பார்கள். 2025இல் அந்தப் பெயரில் சினிமாவே வந்தது. சென்னைவாசிகளுக்குத் தண்டல் என்றால் வேறு ஞாபகம் வரும்: காலையில் வாங்கிய கடனுக்குச் சாயங்காலம் சைக்கிளில் வந்து நிற்பவர். படகிலும் தண்டல், கடனிலும் தண்டல், தண்டனையிலும் தண்டல்.

செல்லுலார் ஜெயிலில் டேவிட் பாரி என்று ஒரு ஜெயிலர் இருந்தார். மேலே ஒரு கடவுள், இங்கே ஒரு கடவுள், இந்தக் கடவுள் நான்தான் என்ற ரீதியில் அவர் பேசுவார் என்று அங்கே அடைபட்டிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 700 அறைகள், ஏழு வரிசைகள், நடுவில் ஒரு கோபுரம். அந்த ஜெயிலின் ஏழு வரிசைகளில் மூன்று மட்டும் நிற்கின்றன. "கடவுள்" நிற்கவில்லை.

நம்மவர் ஒருவர் தலைவரான கதை

இதுவரை எழுதியதெல்லாம் சிரிப்புக்கு. இனி எழுதுவதில் சிரிப்புக்கு இடம் குறைவு.

இந்தத் தீவுகளுக்கு ஒரு தமிழர் தலைமை ஏற்றார் என்பது இங்கேயே பல தமிழர்களுக்குத் தெரியாது. அவர் பெயர் ஆற்காடு துரைசாமி லோகநாதன். டாக்டர். இந்திய மருத்துவ சர்வீஸில் இருந்தவர். 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் அகப்பட்டு, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்.

1942 மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியர் அந்தமானைப் பிடித்தார்கள். 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி இங்கே வந்து தேசியக் கொடி ஏற்றினார். தீவுகளை ஆசாத் ஹிந்த் சர்க்காரிடம் ஒப்படைப்பதாக ஜப்பான் அதற்கு முன்பே அறிவித்திருந்தது. அதன்படி சீஃப் கமிஷனராக லோகநாதனை நேதாஜி நியமித்தார். 1944 பிப்ரவரியில் அவர் வந்து இறங்கினார். கூட வந்த பரிவாரத்தை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அவர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜனவரி 30ஆம் தேதி, ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 பேரை உளவாளிகள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஊர் முழுக்கப் பயம். யாரைக் கண்டாலும் உளவாளி என்று பிடிக்கிறார்கள், அடிக்கிறார்கள். அந்த நிலையில் நம்மவர் ஒருவர் தலைமை அதிகாரியாக வந்தால் ஜனங்கள் எதை எதிர்பார்ப்பார்கள்? போலீஸை அவர் கையில் எடுக்க வேண்டும் என்றுதான்.

ஜப்பானியர் போலீஸைக் கொடுக்கவில்லை. யுத்தம் முடியட்டும், முழுக்கக் கொடுக்கிறோம் என்றார்கள். போலீஸ் இல்லாமல் மற்ற இலாகாக்களை வாங்கி என்ன பிரயோஜனம் என்று லோகநாதன் மறுத்துவிட்டார். கடைசியில் அவர் கைக்கு வந்தது ஒரே இலாகா: கல்வி. பள்ளிக்கூடங்களை மட்டும் பார்த்துக்கொண்டார். இந்த விவரங்களை 1945இல் டில்லி செங்கோட்டை விசாரணையில் அவரே சாட்சி சொல்லும்போது கூறியிருக்கிறார்.

தீவுக் கூட்டத்துக்கே சீஃப் கமிஷனர்; ஆனால் ஒரு கான்ஸ்டபிளைக் கூடக் கூப்பிட முடியாது. பெரிய பதவி, சிறிய சாவி. என் மேஜை ரப்பர் ஸ்டாம்பை அதோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்னுடைய ஸ்டாம்புக்காக யாரும் அடிபடவில்லை. அவர் கேட்ட போலீஸுக்காக ஊரே காத்திருந்தது.

அவரைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. பெயரளவுக்கு இருந்தார், எதையும் தடுக்கவில்லை என்பார்கள். தடுக்க அவரிடம் என்ன இருந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனாலும் உள்ளே அடிபட்டுக்கொண்டிருந்தவனுக்கு இந்தச் சமாதானம் ருசிக்குமா என்றால், ருசிக்காது. உடல்நலம் கெட்டு, வந்த அதே ஆண்டிலேயே அவர் தீவை விட்டுப் போனார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 1945 ஏப்ரல் 24ஆம் தேதி நேதாஜி ரங்கூனிலிருந்து கிளம்பினார். ஜப்பானியர் ஓடுகிறார்கள், ஆங்கிலேயர் இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் சில நாள் அந்தப் பெரிய நகரத்துக்கு ராஜாவே இல்லை. ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள், அவற்றில் நம் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவோ, அங்கே இருந்தன. 1942இல் ஆங்கிலேயர் ஓடியபோது நடந்த கொள்ளையும் கொலையும் அவர்களுக்கு மறக்கவில்லை. நகரத்தைக் காக்கச் சுமார் 5,000 ஐ.என்.ஏ. சிப்பாய்களுடன் ஒருவரை விட்டுப்போனார் நேதாஜி. அந்த ஒருவர் மேஜர் ஜெனரல் லோகநாதன்.

ஆதரவுக்கு ஒரு சர்க்கார் இல்லை. அடுத்த வாரம் கைதியாகப் போவது நிச்சயம். அந்த நிலையில் தெருத்தெருவாகக் காவல் போட்டு நகரத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்து, மே மாதத் துவக்கத்தில் ஆங்கிலப் படை வந்ததும் ஒப்படைத்துவிட்டுச் சரணடைந்தார். அந்தமானில் பதவி இருந்தது, அதிகாரம் இல்லை. ரங்கூனில் பதவியே கரைந்துகொண்டிருந்தது, பாரம் மட்டும் முழுசாகத் தலையில் இருந்தது. டாக்டர் லோகநாதன் 1949இல் காலமானார். இங்கே தெருக்கள் தோறும் துரைமார் பெயரைப் பார்த்தவன் நான். இவர் பெயரைத் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

கப்பல் இல்லாத கேப்டன்கள்

கேப்டன் என்றால் நம் ஜனங்களுக்கு முதலில் விஜயகாந்த் ஞாபகம் வரும். 1991இல் வந்த ஒரு படத்தால் அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டம், 2023 டிசம்பரில் அவர் மறையும்வரை விடவில்லை. நிக்கோபாருக்குப் போனால் ஊருக்கு ஊர் கேப்டன். ஒருவர் அல்ல, முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன். இவர்களுக்குக் கப்பலும் இல்லை, கிரிக்கெட் டீமும் இல்லை. நிக்கோபாரிகளின் கிராமத் தலைவருக்கே பெயர் கேப்டன். ஊரார் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தேங்காய் வாங்க வந்த கப்பல்காரர்களோடு பழகிப் பழகி ஒட்டிக்கொண்ட வார்த்தை அது. பிரிட்டிஷ்காரர்கள் கிராமத் தலைவருக்கு ஒரு சர்ட்டிபிகேட், ஒரு கொடி, ஓர் உடுப்பு, வருகிற கப்பல்களைக் குறித்துவைக்க ஒரு வெற்று நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். நோட்டுப் புத்தகம் கொடுத்தது யார் யோசனையோ, அவர் கட்டாயம் ஒரு குமாஸ்தாவாகத்தான் இருந்திருப்பார்.

கேப்டன் என்றாலும் லத்தீனில் தலைதான். பாரசீகத்தில் "சர்" என்றால் தலை. சர்தார் அதிலிருந்து வந்தது. ஹாடோ துறைமுகத்தில் கயிறு இழுக்கிறவர்களை மேய்க்கிறாரே சாரங், அவரும் அதே வீட்டுப் பிள்ளை. நம் தலைவர், தலையாரி எல்லோரும் சித்தப்பா பெரியப்பா மக்கள். தலை இருக்கிற இடத்தில் தலைவலியும் இருக்கும் என்பதை நிக்கோபார்த் தலைவர்கள் அண்மையில் நன்றாகவே அறிந்தார்கள். கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று ஒரு பெரிய திட்டம் வந்தது. 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காட்டு நிலம் அதற்குப் போகிறது. பழங்குடிக் கவுன்சிலிடம் 2022 ஆகஸ்டில் "ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்து வாங்கினார்கள். அதே நவம்பரில் கவுன்சில் அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டது. சுனாமியில் இழந்த எங்கள் பழைய ஊர்களும் அந்த நிலத்தில் அடங்கும் என்று முதலில் எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் தரப்பு. திட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் அல்ல. போட்ட கையெழுத்தைத் தப்பு என்று ஒப்புக்கொண்டு திரும்பக் கேட்ட தலைவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிக்கோபாரில் கச்சால் தீவில் நம்மவர்கள் இருக்கிறார்கள். 1964ஆம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினரை அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமியில் அந்தத் தீவு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவர்கள் கொண்டுவந்த வார்த்தை "கங்காணி". கண்ணால் காண்பவர், கண்காணி. இலங்கைத் தோட்டங்களில் வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்கு ஒரு காசு உண்டு. தலைக்காசு. ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டால் காசு இல்லை. ஆகவே காய்ச்சல்காரனையும் எழுப்பிக் கூட்டிப்போகும் கங்காணிகளும் இருந்தார்கள். தலையை எண்ணிப் பிழைத்த தலைவர்கள்.

பதினான்கு தலை

தலை எண்ணுவதில் இன்னொரு வகையும் உண்டு. என் பதினொரு நாள் ராஜ்யத்தில் ஒன்பதாம் நாள் அதைப் பார்த்தேன்.

அன்று சனிக்கிழமை. கவுண்டர் இரண்டு மணிக்கு மூட வேண்டும். ஒன்றரைக்கு ஒரு மேஸ்திரி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி, ஐம்பது வயதுக்கு மேல். காம்பல் பேயில் கட்டட வேலை முடித்துவிட்டு வருகிறார். பின்னால் பதினான்கு ஆட்கள், சிமெண்டு ஒட்டிய பைகளோடு. கடல் சரியில்லாமல் அவர்களுடைய தீவுக் கப்பல் தாமதமாகிவிட்டது. அதற்குள் சென்னைக் கப்பல் போய்விட்டது. மறுநாள் ராத்திரி எழும்பூரில் அவர்களுக்காக நெல்லை எக்ஸ்பிரஸ் நிற்கும். இவர்கள் இங்கே நிற்பார்கள். மறுநாள் எங்களுக்கு விடுமுறை. அன்றே ரத்து செய்தால் பாதிக்கு மேல் திரும்பும். விட்டால் ஐயாயிரத்துச் சொச்சமும் கடலில் போட்ட மாதிரி.

டிக்கெட்டை வாங்கிக் கணிப்பொறியில் நம்பரைத் தட்டினேன். லிங்க் போய்விட்டது.

போனில் ரத்து செய்யலாமே என்று விவரம் தெரிந்த வாசகர்கள் கேட்பார்கள். அதற்கு, டிக்கெட் எடுத்தபோது கொடுத்த கைபேசிக்கு ஒரு ரகசிய எண் வர வேண்டும். கொடுத்த கைபேசி ஒரு கொத்தனாருடையது. அவர் சண்டை போட்டுக்கொண்டு போன மாதமே ஊருக்குப் போய்விட்டார்.

"என்ன தம்பி செய்ய?" என்றார் அண்ணாச்சி.

"லிங்க் வரணும் அண்ணாச்சி."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"இங்க யாரு இன்சார்ஜு?"

"நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சரி. உக்காந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, ஆட்களை வராந்தாவில் உட்கார வைத்தார். எனக்கு அது திட்டு மாதிரியும் இருந்தது, நம்பிக்கை மாதிரியும் இருந்தது.

இரண்டு மணி. லிங்க் இல்லை. மேலதிகாரி ஒருவருக்குப் போன் போட்டேன். "நீங்கதானே இன்சார்ஜ், சமயோசிதமாப் பாத்துச் செய்யுங்க" என்றார். அப்படியானால் கவுண்டரை மூடாமல் வைத்திருக்கட்டுமா என்று கேட்டேன். "ரூலுக்கு விரோதமா எதுவும் செய்யாதீங்க" என்றார். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் ஒரு பொறுப்பு அதிகாரியின் வாழ்க்கை முழுவதும் கழிகிறது.

மூடவில்லை. வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து சாவியைக் குலுக்கிக் காட்டினார். இரண்டரைக்கு அண்ணாச்சி பஜாருக்குப் போய் வாழைப்பழம் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். கண்ணாடிக்குக் கீழே எனக்கும் ஒன்று தள்ளினார். வாங்கலாமா கூடாதா என்று ரூல் யோசித்தேன். பசி ஜெயித்தது.

இரண்டு ஐம்பதுக்கு லிங்க் வந்தது. பதினான்கும் ரத்தாயிற்று. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அண்ணாச்சி அதைப் பைக்குள் வைக்கவில்லை. அங்கேயே நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் பங்கை அவரவர் கையில் கொடுத்தார். பிடித்தம் போன தொகையை யார் கணக்கில் எழுதுவது என்று ஓர் இளவட்டம் கேட்டான். "எங்கணக்குல எழுது. கூட்டிட்டு வந்தவன் நான்லா" என்றார்.

மேஸ்திரி என்பது போர்ச்சுகீசியச் சொல். "மெஸ்த்ரே". ஸ்டேஷன் மாஸ்டரில் இருக்கும் மாஸ்டரும் அதுவும் ஒரே வேர். பெரிய ஸ்டேஷன் மாஸ்டர்கள் பலரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வராந்தாவில் நின்றவரும் மாஸ்டர்தான்.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு மெமோ வந்தது. குறிப்பிட்ட தேதியில் நேரம் கடந்து ஐம்பது நிமிஷம் கவுண்டர் திறந்திருந்ததாகத் தெரிகிறது. அன்று இன்சார்ஜாக இருந்தவர் யார் என்று ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தலைமைக் குமாஸ்தா அதற்குள் கல்யாணம் முடிந்து திரும்பியிருந்தார். மேஜையைத் திறந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, மையைத் தொட்டு, பதிலில் குத்துவதற்குத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க பேரை எழுதுங்க, நான் சீல் வைக்கிறேன்" என்றார்.

எழுதினேன். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு, உள்ளே "பொ" என்றும் எழுதினேன்.